அய்யனார் சுவாஹிலி பேசிய நாள்

ஒருத்திக்குத் தைரியசாலி என்று பெயர் வந்துவிட்டால் அதைவிடப் பெரிய தொல்லை வேறு கிடையாது. அதற்கப்புறம் அவள் கரப்பான்பூச்சியைப் பார்த்துக்கூட வாய்விட்டுக் கத்த முடியாது. எனக்கு அந்தப் பெயர் வந்தது, டான்சானியாவுக்குத் தனியாகப் போய் வேலை பார்த்ததால். எங்கள் ஊரான பாடாலூர் பஸ் ஸ்டாப்பில் என்னைக் காட்டி, "ஒத்தப் பொம்பளையா ஆப்பிரிக்காவுல இருந்துட்டு வந்தவ" என்பார்கள். கேட்டவர்கள், நான் ஏதோ சிங்கத்தோடு ஒரே அறையில் குடியிருந்தவள் மாதிரி ஏற இறங்கப் பார்ப்பார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் சுத்தப் பயந்தாங்கொள்ளி. இடி என்றால் பயம். லிஃப்ட் என்றால் பயம். கல்யாண மண்டபம் என்றால் பெரும் பயம் (முப்பது தாண்டியும் தாலி ஏறாதவளுக்கு அங்கே பரிமாறுவது சாப்பாடு இல்லை, விசாரணை). இதற்கெல்லாம் மேலே அம்மா பயம்.

அம்மா திட்டமாட்டாள். கை ஓங்கியதும் கிடையாது. கோபம் வந்தால் பாத்திரங்களோடு பேசுவாள். குக்கரிடம் என் குணக்கேட்டைச் சொல்வாள், தோசைக்கல்லிடம் நியாயம் கேட்பாள். நான் பக்கத்திலேயே நிற்பேன், என்னிடம் ஒரு வார்த்தை வராது. அந்தச் சமயத்தில் குக்கர் விசில் அடித்தால் அதுவும் அம்மா கட்சிதான் என்று தோன்றும்.

என் வேலை சிமெண்டு. அரியலூர்ப் பக்கத்தில் கெமிஸ்ட்ரி படித்தால் எங்கே சுற்றினாலும் கடைசியில் ஏதாவது ஒரு சிமெண்டு ஆலையின் லேபில் போய்த்தான் நிற்க வேண்டும். நானும் நின்றேன். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு. அங்கிருந்து டான்சானியாவில் டாங்கா என்ற கடற்கரை ஊரில் ஓர் ஆலைக்கு வேலை கிடைத்துப் போனேன். போன புதிதில் தினமும் அழுதேன். கரண்டு போனால் அழுதேன், குரங்கு வந்து வாழைப்பழத்தைத் தூக்கிப் போனாலும் அழுதேன். பக்கத்துப் போர்ஷனில் இருந்த நேமா என்னோடு அதே லேபில் வேலை பார்த்தவள். அவள்தான் கதவைத் தட்டித் தட்டி என்னை மனுஷியாக்கினாள். நான் அம்மாவோடு வீடியோவில் பேசும்போதெல்லாம் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஒரே தமிழை எடுத்து விடுவாள்: "அம்மா, சாப்டீங்களா?" அம்மாவும் அவளிடம் காலையில் என்ன இட்லி, என்ன சட்னி என்று விவரமாகத் தமிழிலேயே சொல்வாள். நேமா எல்லாம் புரிந்தவள்போல் தலையாட்டுவாள்.

மெல்ல மெல்ல அந்த ஊர் எனக்கு வீடாகிவிட்டது. என் பேரில் வீடு, என் பேரில் கேஸ் சிலிண்டர், ஞாயிற்றுக்கிழமை கடல். அங்கேயும் "உன் வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்பவர்கள் உண்டு. "அவர் இன்னும் பிறக்கவில்லை" என்பேன். விழுந்து விழுந்து சிரிப்பார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். (அதே பதிலை ஒருமுறை பெரம்பலூரில் ஒரு வளைகாப்பில் சொல்லிப் பார்த்தேன். அந்த வீட்டோடு எங்களுக்கு இன்னமும் பேச்சுவார்த்தை கிடையாது.)

அப்புறம் அப்பா போய்விட்டார். நான் விமானம் மாறி விமானம் ஏறி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். அந்த ஈர வாசலைப் பார்த்ததும், இனி அம்மாவை விட்டுப் போகக் கூடாது என்று நினைத்தேன். வேலையை விட்டேன். அரியலூரில் ஓர் ஆலையில் சேர்ந்து, ஷிஃப்டு வேலைக்காக அங்கேயே ஒரு மாடிப் போர்ஷன் எடுத்தேன். வாரக் கடைசியில் பாடாலூர். வீட்டு ஓனரம்மா தினமும் படிக்கட்டிலேயே நிற்பார்கள். "யாரு வந்தா? ஏன் லேட்டு? நேத்து ஏன் சிரிச்ச?" சிரித்ததற்குக் கணக்கு கேட்கும் ஊரில் நான் இரண்டு வருஷம் குடியிருந்தேன். டாங்காவில் குரங்குக்குத்தான் பயந்தேன்; இங்கே கதவைத் திறக்கவே பயந்தேன்.

அப்போதுதான் பழைய ஆலையிலிருந்து அழைப்பு வந்தது. லேபுக்கே தலைமை. அடுத்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் போக வேண்டும் என்று அவ்வளவு ஆசை. அம்மாவிடம் சொல்வதை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, அம்மா சட்டியில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. குழம்புச் சட்டியிடம் சொன்னாள்: "கேட்டியா, திரும்பப் போறாளாம். நீயும் நானும் இங்கயே வெந்துகிட்டுக் கெடப்போம்."

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே, இந்த முறை நேராக என்னிடம், "நம்ம சாமி உத்தரவு குடுத்தா போ. குடுக்கலன்னா அந்தப் பேச்சையே எடுக்காத" என்றாள்.

எங்கள் குலதெய்வம் ஆண்டிமடம் பக்கத்தில், முந்திரிக் காட்டுக்குள் இருக்கும் அய்யனார். எங்கள் ஆட்கள் கல்யாணமோ, கிணறோ, மனையோ, எதற்கும் அவரிடம் போய்த்தான் உத்தரவு கேட்பார்கள். சூடம் ஏற்றி, கேட்க வேண்டியதை மனதுக்குள் கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். பல்லி சொல்லும் (எங்கள் பக்கம் பெரியவர்கள் கவுளி என்பார்கள்). சாமிக்கு வலப்பக்கம் சொன்னால் செய்யலாம். இடப்பக்கம் சொன்னால் விட்டுவிட வேண்டும். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒருமுறை இடப்பக்கம் சொன்ன பிறகும் வீம்பாகப் போர் போட்டார். தண்ணீருக்குப் பதில் புழுதி வந்தது. அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் பல்லிக்கு இருக்கும் மரியாதை கலெக்டருக்குக் கிடையாது.

எனக்கு அந்த வாரம் தூக்கமே இல்லை. ஒரே ஒரு சாம்பிளை வைத்து முடிவு எடுக்கக் கூடாது என்பது என் தொழிலின் பாலபாடம். இங்கே என் வாழ்க்கையையே ஒரு பல்லியின் ஒரு சத்தத்தில் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள். அது இடப்பக்கம் சொல்லிவிட்டால்? அம்மாவை மீறிப் போகிற துணிச்சல் எனக்கு இல்லை. ஈர வாசல் கண்ணுக்குள்ளேயே நின்றது. போகாமல் இருந்தாலோ, மீதி ஆயுசுக்கும் படிக்கட்டில் ஓனரம்மா.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. (கெட்ட யோசனைகளுக்கு ஒரு குணம் உண்டு, வரும்போது பார்க்க ரொம்ப புத்திசாலித்தனமாக இருக்கும்.) என்னிடம் உள்ளங்கை அளவில் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் இருந்தது. பல்லிச் சத்தத்தை அதில் போட்டுவிட்டால் என்ன?

இன்டர்நெட்டில் தேடினேன். எந்தப் பல்லிக்குப் பின்னாலும் ஒரு மியூசிக் ஓடியது. என் போர்ஷனில் நாலைந்து பல்லிகள் உண்டு. போனை நீட்டினால் அத்தனையும் சாமியார் மாதிரி மௌனமாகிவிட்டன. கடைசியில் நேமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "சாமி விஷயமா? அப்படியானால் நல்ல பல்லியாகப் பார்த்து அனுப்புகிறேன்" என்றாள். அன்றைக்கே வாட்ஸப்பில் வரிசையாக வாய்ஸ் மெசேஜ் வந்து விழுந்தது. முதல் மெசேஜிலேயே பல்லி அருமையாகச் சொன்னது. அதற்கப்புறம் அவள் குரல் வந்ததால், பல்லியை மட்டும் வெட்டித் தனி ஃபைலாக வைத்துக்கொண்டேன். ஆப்பிரிக்கா போகலாமா என்ற கேள்விக்கு ஆப்பிரிக்கப் பல்லியே பதில் சொல்லப் போகிறது. இதில் ஒரு நியாயம் இருப்பதாகக்கூட எனக்கு அப்போது தோன்றியது.

தரக் கட்டுப்பாட்டுக்காரி அல்லவா, சோதிக்காமல் விடுவேனா? லேபிலேயே ஸ்பீக்கரை ஒரு மூலையில் வைத்துப் போட்டுப் பார்த்தேன். கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். லேசாகக் கேட்டது. முழுசாக வைத்தேன். சரியாக இருந்தது. பக்கத்து ஷெட்டில் கல் உடைக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. இப்படிப்பட்டவளைத்தான் ஒரு லேபுக்கே தலைமை தாங்க அழைத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மாவும் மாமாவும் பாடாலூரிலிருந்து மாமாவின் காரில் வருவதாக ஏற்பாடு. நான் அரியலூரிலிருந்து ஸ்கூட்டரில் நேராக வந்துவிடுகிறேன் என்று சொல்லி, அவர்களுக்கு முன்னாலேயே கிளம்பினேன். முன்னாலும் பின்னாலும் சுண்ணாம்புக் கல் லாரிகள். ஒவ்வொரு லாரியும் என்னை உரசிக்கொண்டு போகும்போது, அய்யனார்தான் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஹெல்மெட்டுக்குள் சத்தமாகவே சொன்னேன்: "ஐயா, இது உங்களை ஏமாத்தறதுக்கு இல்ல. எங்க அம்மாவை மட்டுந்தான்." சொன்ன பிறகுதான் அது இன்னும் மோசம் என்று உறைத்தது.

கோயிலில் ஆள் அரவமே இல்லை. கோயில் என்றால் கூரை கிடையாது. நடுவில் அய்யனார் அரிவாளோடு உட்கார்ந்திருப்பார், பின்னால் ஒரு பழைய சுவர், இரண்டு பக்கமும் நேர்ந்துவிட்ட மண் குதிரைகள். அய்யனாருக்குப் புதிதாக வண்ணம் பூசியிருந்தார்கள். அந்த வெள்ளைக் கண்ணும் கறுப்பு முழியும் நான் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கூடவே வந்தன. வலப்பக்கம் இருந்ததில் பெரிய குதிரையின் வயிற்றில் ஓர் ஓட்டை இருந்தது. ஸ்பீக்கரை அதற்குள் விட்டேன். மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அது எனக்கே எழுதிய பாடம் என்று அப்போது தெரியவில்லை.

கார் வந்தது. மாமா இறங்கியதும், "என்ன பாப்பா, வெள்ளனமே வந்துட்ட? பக்தி முத்திப் போச்சா?" என்றார். நான் சிரித்தேன். பல் கிட்டிக்கொண்டது. பூசாரி சைக்கிளில் வந்து சேர்ந்தார். அம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், முகம் வாடியிருந்தது. சூடம் ஏற்றி, தேங்காய் உடைத்து, பூசாரி சொன்னார்: "ஆயி, கேக்க வேண்டியத மனசுக்குள்ள கேட்டுக்குங்க. யாரும் பேசக் கூடாதுங்க."

அம்மா கண்ணை மூடினாள். அவள் உதடு மட்டும் அசைந்தது. நான் பின்னால் உட்கார்ந்து, மடியில் கைப்பை, கைப்பைக்குள் போன், போன் மேல் விரல். கொஞ்ச நேரம் கழித்து, இயற்கையாக இருக்கும்படி அமுக்குவது என்பது திட்டம். முந்திரி இலை விழுகிற சத்தம்கூடக் கேட்டது. என் நெஞ்சு அடித்துக்கொள்வது மாமாவுக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்து இருமினேன். பூசாரி முறைத்தார்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். அய்யனாருக்கு இடப்பக்கச் சுவரில் நிஜமான பல்லி ஒன்று, சாவகாசமாக ஏறிக்கொண்டிருந்தது. நின்றது. தொண்டையை உப்பியது. அது வாயைத் திறப்பதற்குள் நான் முந்த வேண்டும். பைக்குள் பார்க்காமலேயே, வேர்த்த விரலால் கண்ட இடத்தில் அமுக்கினேன்.

நான் அமுக்கியது வெட்டி வைத்த ஃபைலை இல்லை, வாட்ஸப்பில் நேமாவின் முதல் மெசேஜை.

குதிரை வயிற்றுக்குள்ளிருந்து, முழுச் சத்தத்தில், பல்லி சொன்னது. வெறும் வயிற்று மண் குதிரை என்பது தவில் மாதிரி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அது பல்லிச் சத்தமாகவா வந்தது? முதலை ஒன்று நாக்கைச் சப்புக்கொட்டினால் எப்படியோ அப்படி வந்தது. முந்திரி மரத்திலிருந்த காக்கைகள் அத்தனையும் எழும்பிப் பறந்தன. நிஜப் பல்லி சுவரிலிருந்து கீழே விழுந்து ஓடியது.

"வலப்பக்கம்!" என்று பூசாரி கை கூப்பினார். "ஐயா! இம்மாம் பெரிய உத்தரவ நான் கேட்டதே இல்லீங்க!"

எனக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது. அடுத்த நிமிஷம், அதே குதிரையிலிருந்து ஒரு பெண்ணின் குரல், கணீரென்று, கூப்பிட்டது: "ரூடி நியும்பானி! துனாகுசுபிரி!"

வீட்டுக்குத் திரும்பி வா, உனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். எனக்கு மட்டும்தான் தெரியும். பூசாரி விபூதித் தட்டைக் கீழே போட்டார். மாமா, ஊரில் நாலு பஞ்சாயத்து பேசுகிறவர், அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். "அக்கா, என்ன பாசை இது? மலையாளமா?"

நான் பைக்குள் போனைத் தேடித் தடவினேன். திரை பூட்டிக்கொண்டது. விரலில் வேர்வையும் பூசாரி கொடுத்த குங்குமமும். விரல் வைத்தால் போன் என்னை யாரென்றே தெரியாது என்கிறது. வாட்ஸப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் முடிந்தால் அடுத்தது தானாகவே ஓடும் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம். எனக்கு அந்த நேரத்தில்தான் நினைவுக்கு வந்தது. இரண்டாவது மெசேஜ் ஓடியது. அதில் நேமா, முதல் பல்லி சின்னது, இது பெரிசு, கேள் என்று சுவாஹிலியில் விளக்கம் கொடுத்தாள். இன்னொரு பல்லி சொன்னது. கூடவே அவள் வீட்டுச் சேவல் கூவியது.

பூசாரி குதிரைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். "தெரியாம ஏதாச்சும் குத்தம் பண்ணியிருந்தா மன்னிச்சுக்க ஐயா! சேவல் கேக்குறியா? குடுத்துர்றேன் ஐயா!"

நான் எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் மூன்றாவது மெசேஜ் தொடங்கியது. குதிரை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சுத்தத் தமிழில், ரொம்ப அன்பாகக் கேட்டது:

"அம்மா, சாப்டீங்களா?"

அம்மா, கண்ணை மூடியபடியே, பழக்க தோஷத்தில் பதில் சொன்னாள்: "இன்னும் இல்லம்மா. கோயிலுக்கு வந்துருக்கேன், வெரதம்."

அப்புறம் மெதுவாகக் கண்ணைத் திறந்தாள். குதிரையைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கைப்பையை மார்போடு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருட்டுக் கோழியை மடியில் வைத்திருப்பவளுக்குக்கூட அப்படி முகம் இருந்திருக்காது.

"இது நம்ம நேமா குரல்ல?" என்றாள் அம்மா.

மாமாவுக்கு அந்த வார்த்தையில் தைரியம் திரும்பி வந்தது. பாய்ந்து போய்க் குதிரை வயிற்றுக்குள் கையை விட்டு ஸ்பீக்கரைப் பிடித்தார். பிடித்த கையை வெளியே எடுக்க முடியவில்லை. ஸ்பீக்கரை விடு என்றால் விடமாட்டேன் என்கிறார். ("சாட்சி இது, விடக் கூடாது" என்றார்.) நானும் பூசாரியும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் குதிரையின் வயிறு பிளந்து, மாமா, ஸ்பீக்கர், ஓடு எல்லாம் சேர்ந்து என் மேல் விழுந்தன. ஸ்பீக்கர் மண்ணில் கிடந்தபடி இன்னொரு தடவை கூவிவிட்டு அடங்கியது.

அய்யனாரைப் பார்க்கவே பயமாக இருந்தது. அம்மாவைப் பார்க்க அதைவிட. "நான்தாம்மா வச்சேன். போகணும்னு இருக்கும்மா. பல்லி வேணாம்னு சொல்லிருமோன்னு பயந்துட்டேன்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். அங்கே பாத்திரமும் இல்லை, பேசுவதற்கு. அதற்குள் நான் டாங்காவை மறந்தேன், லேபை மறந்தேன், வாழ்நாள் முழுக்க ஓனரம்மாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டு இருந்துவிடுகிறேன் என்று மனதுக்குள் அய்யனாரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அம்மா என்னைத் தாண்டிப் பூசாரியைப் பார்த்தாள்.

"பூசாரி ஐயா, கவுளி எந்தப் பக்கம் சொல்லுச்சு?"

"வலப்பக்கந்தாங்க ஆயி. ஆனா..."

"ஆனா ஆவன்னால்லாம் அப்புறம். வலப்பக்கமா, இல்லியா?"

"வலப்பக்கம்."

"நான் என்ன கேட்டேன்னு தெரியுமா?" அம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "நானும் இவகூடப் போவட்டுமான்னு கேட்டேன். உத்தரவு ஆயிருச்சு. கெளம்புங்க, பசிக்குது."

"அம்மா, அது பொய்ப் பல்லிம்மா!"

"பல்லியில ஏதுடி பொய்ப் பல்லி? ரப்பர்லயா செஞ்சாங்க? அந்த ஊருப் பல்லி, அந்த ஊருக்கு வரச் சொல்லுது. உனக்கு என்ன வலிக்குது?"

பல்லி பொய் என்று வாதாடி ஜெயித்தால் எனக்கும் உத்தரவு இல்லை. பல்லி உண்மை என்று ஒத்துக்கொண்டால் அம்மாவும் வருவாள். இத்தனை வருஷம் படித்த படிப்பில் இப்படி ஒரு பொறிக்குள் நான் மாட்டியதே இல்லை. பூசாரி என்னைப் பார்த்து, "ஏம்மா, குத்தத்துக்குப் பரிகாரமா புதுசா ஒரு குதிர செஞ்சு வச்சிருங்க. ஓட்ட இல்லாத குதிர" என்றார்.

இரண்டே மாதத்தில் அம்மாவும் நானும் டாங்காவில் இறங்கினோம். தனியாக, சுதந்திரமாக வாழப் போகிறேன் என்று அவ்வளவு பாடுபட்டவள், ஊறுகாய் ஜாடி, அரிவாள்மணை, அம்மா சகிதமாகப் போய் இறங்கினேன். பகலில் லேபில் எல்லாரும் எழுந்து நிற்பார்கள், மேடம் என்பார்கள். சாயங்காலம் கதவைத் திறந்தால், "ஏண்டி இவ்ளோ நேரம்?" அம்மாவுக்கு அங்கே விசா சில மாதங்கள்தான், திரும்பிப் போய், மறுபடி வருவாள். வந்தால் நேமாவோடு சந்தைக்குப் போவாள், அம்மா தமிழில் பேரம் பேச, நேமா சுவாஹிலியில் முடித்து வைப்பாள். என் வீட்டுக்காரர் எங்கே என்று யாராவது கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள், இன்னும் பிறக்கவில்லை என்று அம்மாவே அவர்கள் மொழியில் சொல்லிவிடுகிறாள். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அது தமிழ்ப் பார்வை.

ஊரிலும் கதை அடங்கவில்லை. அய்யனார் கோயிலில் இப்போது உத்தரவு கேட்க வருகிறவர்கள் முதலில் பூசாரியிடம் செல்போனைக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் சொந்தத்தில் யாராவது ஒன்றை மனதில் முடிவு செய்துவிட்டு, சும்மா பேருக்கு மற்றவர்களிடம் யோசனை கேட்டால், "என்னப்பா, குதிரைக்குள்ள வச்சிட்டு வந்துதான் கேக்குறியா?" என்பார்கள். மாமா பெண் பார்க்கும் வீட்டில்கூட இதைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறார். அவர் சொல்லும் கதையில் அம்மாவுக்குப் பின்னால் போய் ஒளிந்தது நான்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டாங்காவில், பின்வாசலில் உட்கார்ந்து அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நேமாவுக்கு அந்தக் கதையை நூறாவது தடவையாகச் சொல்லி முடித்திருந்தாள். நேமா சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் சும்மா கேட்டேன். "ஏம்மா, கூடப் போவட்டுமான்னு கேக்கணும்னு வூட்லயே நெனச்சிட்டு வந்தியா, இல்ல கோயில்ல வச்சுத்தான் தோணுச்சா?"

அம்மா செதிலைச் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"நான் எங்கடி அதக் கேட்டேன்? உன்ன அனுப்பலாமான்னுதான் கேட்டேன். அனுப்பிட்டு அந்த வூட்ல நான் ஒருத்தியா எப்புடி இருக்கப் போறேன்னு எனக்குக் கை காலெல்லாம் வெலவெலத்துப் போச்சு. அப்பத்தான் குதிர பேசுச்சு. நீ பல்லிய மாத்துன. நான் கேள்விய மாத்திக்கிட்டேன்."

மீனைத் திருப்பிப் போட்டாள்.

"சாமிக்குத் தெரியும், நாம ரெண்டு பேருமே திருடிங்கன்னு. அந்தத் தண்ணிய எடு."